பெட்டி பதில் சொல்லவில்லை

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். எள்ளைவிடச் சின்னத் திருகாணியை மூச்சுவிடாமல் எடுத்து, மூக்குக்கண்ணாடியின் காலில் வைத்து, ஒரே திருகில் உட்கார வைத்துவிடுவார். ஆனால் கை நிதானம் வேறு, புத்தி நிதானம் வேறு என்பது அவருடைய மனைவியின் தீர்ப்பு. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்தத் தீர்ப்பை மாற்றும்படி அவரும் ஒன்றும் செய்துவிடவில்லை.

அந்தப் புதன்கிழமை கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகாமல் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் படங்களையெல்லாம் ஒரு சேமிப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம். எவனோ வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக நுழைந்து, அத்தனை படத்தையும் பூட்டிப் போட்டுவிட்டானாம்.

"ஃபயர்வால் போட்டிருந்தா தப்பிச்சிருப்பாருங்க. உங்க வீட்ல அந்தப் பெட்டி இருக்கா?"

இருந்தது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல்தட்டில் விளக்கு மினுங்க உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருஷத்துப் படங்கள், மனைவி கேட்கும் பாட்டுகள், வீட்டுப் பத்திரங்களின் நகல் எல்லாம் அதில்தான். வாங்கிக் கொடுத்து, பொருத்திக் கொடுத்து, பிறகு ஒரு வாரத்தில் மறுபடி வந்து "மாமா, இதுல மட்டும் நீங்க கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன் மனைவியின் தம்பி. பெரிய ஆபீஸ் ஒன்றில் நெட்வொர்க் பார்ப்பவன். அப்படிச் சொன்னதற்குக் காரணமும் இருந்தது. பெட்டி வந்த முதல் வாரமே மாமா அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் வாக்குவம் கிளீனரைச் செருகியிருந்தார்.

கை வைக்கக் கூடாதுதான். ஆனால் அந்த வாடிக்கையாளர் போன பிறகு கண்ணாடிக்கடைக்காரருக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மனைவி வருவதற்குள், லேப்டாப்பைத் திறந்து பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போனார். ஃபயர்வால் என்று ஒரு பக்கம். அதைத் திறந்தால், அணைத்துக் கிடக்கிறது! அடப்பாவி மச்சான், வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாயே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அதைப் போட்டார். இரண்டு விதிகள் எழுதினார். இந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் அனுமதி. மற்ற யாராக இருந்தாலும் மறுப்பு. எழுதிவிட்டு, ஏதோ கோட்டைக்கதவைச் சாத்தியவர் மாதிரி நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

மறுநாள் காலையில் குடும்பக் குழுவில் மச்சானிடமிருந்து செய்தி. "அக்கா, உங்க பெட்டி செத்துப்போச்சு."

மனைவி பல் துலக்கிக்கொண்டே அதைப் படித்தாள். பிறகு போனில் பாட்டைப் போட்டாள். பெட்டியிலிருந்து பாட்டு வந்தது. "உயிரோட நல்லாத்தான் இருக்கு. பாடுது" என்று பதில் போட்டாள்.

"பாடலாம். ஆனா செத்துப்போச்சு."

அவன் சொன்னதில் அவன் வரைக்கும் நியாயம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இன்டர்நெட்டில் அவன் ஒரு தனிவழி போட்டு வைத்திருந்தான். அதன் வழியாக அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை அக்கா வீட்டுப் பெட்டியை "இருக்கியா?" என்று கேட்கும். பெட்டி "இருக்கேன்" என்று சொல்லும். இதற்குப் பெயர் பிங். பதில் வந்தால் அவன் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்பு. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சிவப்பு.

மூன்று நாள் இந்தச் சண்டை நடந்தது. மூச்சு நின்றுவிட்டது என்று தம்பி. இப்போதுதான் படம் பார்த்தேன் என்று அக்கா. அணைத்துப் போடச் சொன்னான், போட்டாள். வயரை மாற்றச் சொன்னான், மாற்றினாள். சிவப்புப் புள்ளியைப் படம் எடுத்து எடுத்து அனுப்பினான். கடைசியில் சனிக்கிழமை நேராகவே கேட்டான்: "யாராவது எதையாவது தொட்டீங்களா?"

"நான் தொடலை" என்றாள் அக்கா. கணவரைப் பார்த்தாள்.

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சொன்ன உடனே திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். ஆனால் சொல்லியாகிவிட்டது.

"அப்படின்னா ஹார்ட்வேர்தான் போயிருக்கு" என்று தம்பி முடிவு கட்டினான். "நாளைக்குப் பத்தரைக்கு வர்றேன். புதுசா ஒரு பெட்டி எடுத்துட்டு வர்றேன். பழசைத் தூக்கிப் போட்டுடலாம்."

தூக்கிப் போடுவதா? ஒரு பொய்க்காக நல்ல பெட்டியைக் குப்பையில் போடுவதா? கண்ணாடிக்கடைக்காரர் தீர்மானித்துவிட்டார். மச்சான் வருவதற்குள் இந்தப் பெட்டியைப் பேச வைத்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை. உள் அறையில் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய போனில் பெட்டியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, முன்னால் செய்தித்தாளைப் பிரித்து மறைத்துக்கொண்டார்.

ஃபயர்வாலை அணைத்துவிட்டால் ஒரே நொடியில் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த வாடிக்கையாளர் சொன்ன கதை கண் முன்னால் நின்றது. கோட்டைக்கதவு சாத்தியபடியே இருக்க வேண்டும். பிங்குக்கு மட்டும் பதில் போக வேண்டும். பட்டியல் முழுக்கத் தேடினார். பிங் என்ற பெயரில் ஒன்றுமே இல்லை. இணையத்தில் தேடிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் அதற்கு ஐசிஎம்பி என்று பெயராம். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று பிள்ளைகளுக்கு வைப்பதில்லையா, அந்த மாதிரி.

ஐசிஎம்பிக்கு அனுமதி என்று ஒரு விதி எழுதினார். அது பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது. சேமித்தார். போனைப் பார்த்தார். ஐந்தே நிமிஷத்தில் மச்சானிடமிருந்து செய்தி: "கிளம்பிட்டேன். இன்னும் சிவப்புதான்."

என்ன குறை என்று மறுபடி படித்தார். விதிகளை மேலிருந்து கீழாகத்தான் பெட்டி பார்க்குமாம். எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடுமாம். இரண்டாவது விதியே எல்லாரையும் விரட்டிவிட்ட பிறகு, மூன்றாவது விதி யாரைக் கூப்பிடும்? சரி, மூன்றாவதை மேலே தூக்க வேண்டும். ஓரத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி இருந்தது. அழுத்தினார். ஏதோ நகர்ந்தது. இன்னும் மேலே போகட்டும் என்று இன்னொரு தடவை அழுத்தினார். சேமித்தார்.

எள்ளுத் திருகாணியைத் தவறவிடாத கண், எந்த வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதைத் தவறவிட்டது. அவர் தூக்கியது அனுமதியை இல்லை. மறுப்பை. "யாராக இருந்தாலும் மறுப்பு" என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துவிட்டது.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கமே வெளுத்துப் போனது.

உள்ளே பாட்டு நின்றது, அதுவும் பாதி வரியில்.

"என்னங்க!" என்று உள்ளிருந்து குரல். "பாட்டு நின்னுடுச்சு!"

"நெட் ஸ்லோவா இருக்கும்."

"என் போன்ல நெட் நல்லாத்தானே இருக்கு." தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரர் செய்தித்தாளை இன்னும் உயர்த்தினார். ஆனால் அவள் குழந்தை டாக்டர் ஒருவரின் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். காய்ச்சல் இல்லாத குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி முன்னால் போகப் பார்க்கும் அப்பாக்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவள்.

"பேப்பரைக் கீழ வைங்க."

வைத்தார்.

"நேத்துப் பேப்பரை எதுக்குப் படிக்கிறீங்க?"

அதற்கு மேல் தாங்கவில்லை. புதன்கிழமை வாடிக்கையாளரில் தொடங்கி அம்புக்குறி வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். அவள் போய்த் தேய்ப்புப்பெட்டியை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மூணு நாளா நானும் என் தம்பியும் அடிச்சுக்கிறோம். நீங்க பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தீங்க."

"சொல்லலாம்னு வாயெடுத்தேன்…"

"எப்போ?"

அவர் யோசித்தார். "வியாழக்கிழமை."

அழைப்பு மணி அடித்தது. மச்சான் ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் புதுப் பெட்டியின் அட்டைப்பெட்டியோடு நின்றான். முகம் வாடியிருந்தது, மூன்று நாள் தாடி வேறு. சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"எப்போ போச்சு அக்கா, முழுசா?"

"பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள் அக்கா. "மாமா சொல்வாரு."

மாமா சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது கொஞ்சம் சுருக்கமாக வந்தது. மச்சான் அட்டைப்பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று கண்ணாடிக்கடைக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவனோ நீளமாக ஒரு மூச்சு விட்டு, "அப்போ சாகலை" என்றான். "மாமா, நீங்க தொட்டீங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்."

வழி ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் முதுகில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அதற்குள் ஒரு பொத்தான். நான்கு விநாடி அழுத்தினால் ஒரு தடவை பீப் என்று கத்தும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். நெட்வொர்க் விதிகளும் கடவுச்சொல்லும் மட்டும் அழியும்.

"எடுக்கலைன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"பத்து விநாடி ஆனா எல்லாமே அழிஞ்சிடும். படம், பாட்டு, எல்லாம்."

மச்சான் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட்டுப் பார்த்தான். அது துளைக்குப் பக்கத்தில் எல்லா இடத்திலும் குத்தியது, துளையில் மட்டும் போகவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து தன் மிகச் சின்னத் திருப்புளியை எடுத்தார்.

"இவரா?" என்றாள் மனைவி.

"வேற யாரு கை நடுங்காம இருக்கு இங்க?" என்றார் அவர். உண்மைதான். மச்சான் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்து இடம் விட்டான்.

அழுத்தினார். "ஒண்ணு…" என்று மச்சான் நிதானமாக இழுத்தான். அவன் இரண்டு என்பதற்குள் அக்கா "மூணு, நாலு, அஞ்சு, எடுங்க, எடுங்க!" என்று அலறினாள். "எடுக்காதீங்க மாமா!" என்று மச்சான் கத்தினான். யார் கணக்கையும் கேட்காமல் கண்ணாடிக்கடைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியின் சத்தத்தை மட்டும் கேட்டார். பீப். திருப்புளி அந்தக் கணமே வெளியே வந்துவிட்டது.

பெட்டி அணைந்து எழுந்தது. புதுக் கடவுச்சொல் போட்டு உள்ளே போனார்கள். படங்கள் இருந்தன. பாட்டுகள் இருந்தன. மச்சான் தன் லேப்டாப்பில் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையைத் திறந்து திருப்பிக் காட்டினான். பச்சைப் புள்ளி!

"அவ்ளோதான். இப்படியே விட்டுடுங்க" என்றான்.

"எப்படியே?" என்றாள் அக்கா. "கதவைத் திறந்துபோட்டா? மாமா பண்ணின முறை தப்பு, சரி. ஆனா அந்த ஃபயர்வாலை நீ ஏன்டா அணைச்சே வெச்சிருந்தே?"

மச்சான் திருதிருவென்று முழித்தான். "அது… அப்புறமா பொறுமையாப் போடலாம்னு…"

"எப்போ வாங்கினோம் பெட்டியை?"

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்று ஆர்வமாக எடுத்துக்கொடுத்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

"நீங்க சும்மா இருங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். விதிகள் மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவதோடு சரி என்று கேட்டதும், "இதுல என்ன இருக்கு? தினமும் நான் பண்றதுதானே" என்றாள். "டோக்கன் உள்ளவங்க உள்ள போங்க. டாக்டர் இருக்காரான்னு மட்டும் கேக்குறவங்களுக்கு, இருக்காருன்னு பதில், ஆனா உள்ள விடமாட்டேன். மத்தவங்க நாளைக்கு வாங்க. மத்தவங்களை விரட்டுறதை மொதல்ல பண்ணா கிளினிக் காலியாத்தான் இருக்கும்."

மளமளவென்று எழுதினாள். முதலில் இந்த வீட்டுக்கு அனுமதி. இரண்டாவது, தம்பி வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் பிங் கேட்கலாம். "அந்தத் தனிவழியில உன் கம்ப்யூட்டரோட நம்பர் சொல்லு."

மச்சான் போனை எடுத்துப் பார்த்து, "பத்து, எட்டு, சைபர், மூணு" என்றான். அடித்தாள். மூன்றாவதாக, மற்ற எல்லாருக்கும் மறுப்பு. சேமித்தாள்.

புள்ளி சிவப்பானது.

விதிகளை மறுபடி பார்த்தார்கள். வரிசை சரி. ஐசிஎம்பி சரி. மச்சான் தலையைச் சொறிந்தான். "பெட்டியிலதான் ஏதோ கோளாறு. நான் அப்பவே சொன்னேன், ஹார்ட்வேர்." அவன் கை அட்டைப்பெட்டியின் பக்கம் போனது. "நம்பரை இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அக்கா. போனை எடுத்தான், கையை நீட்டினான், தலையைப் பின்னால் சாய்த்தான். "மூணுதான். பத்து, எட்டு, சைபர், மூணு."

கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை. மச்சானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரிக் கையை அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கிறார். நாற்பது வயதுக்கு மேல் கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் கை அப்படித்தான் நீளும். ஒவ்வொருவரும் "எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லை, எழுத்தைத்தான் சின்னதா போட்டிருக்கான்" என்பார்கள்.

"மச்சான், போனைக் கொஞ்சம் குடு."

வாங்கிப் பார்த்தார். பிறகு மனைவியிடம், ரொம்ப மெதுவாக, "கடைசி நம்பர் மூணு இல்லைம்மா. எட்டு" என்றார்.

அவள் மாற்றினாள். சேமித்தாள். ஒரு நிமிஷம் கழித்து அடுத்த பிங் போனது. புள்ளி பச்சையானது, பச்சையாகவே நின்றது.

"வெளிச்சம் பத்தலை" என்றான் மச்சான்.

"காலை பதினோரு மணிடா" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவரும் சிரித்தார், ஆனால் அளவோடு. அன்றைக்கு அதிகம் சிரிக்கிற உரிமை தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்: "ஆமா, படம் எங்களுக்குத் தெரியுது, பாட்டு எங்களுக்குக் கேக்குது. அந்தப் புள்ளிக்காக நீ ஏன்டா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டே?"

தன் மனைவி பிரிந்து போனதிலிருந்து மச்சான் தனியாகத்தான் இருக்கிறான். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இப்போது எழவில்லை.

"காலையில எந்திரிச்சதும் காபியை வெச்சுக்கிட்டு அதைத்தான் மொதல்ல பார்ப்பேன்" என்றான். "பச்சையா இருந்தா, அக்கா வீட்ல கரண்ட் இருக்கு, எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு தோணும். அவ்ளோதான்."

"அதுக்கு எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போன் பண்ணா நீ பேசுவியே."

அக்கா அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கின கை அவன் தலையில் இறங்கி, முடியைக் கலைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று திருப்புளியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"இங்க பாரு" என்றாள் கடைசியில். "பிங் உன் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அனுமதி. ஆனா வாரம் ஒரு தடவை நீ நேர்ல வரணும். வரலைன்னா அந்த விதியை எடுத்துடுவேன். எப்படி எடுக்கிறதுன்னு இப்போ எனக்குத் தெரியும்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடிக்கடைக்காரர் மச்சானைக் கிளப்பிக்கொண்டு போய், பூட்டியிருந்த கடையைத் திறந்தார். வேண்டாம், நல்லாத்தான் தெரியுது, இன்னும் நாலஞ்சு வருஷம் போகட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்து சோதனைக் கண்ணாடியை மாட்டியதும் வாயை மூடிக்கொண்டான். கையிலிருந்த அட்டையை மேலிருந்து கீழே வரைக்கும், கடைசிப் பொடி வரியைக்கூட விடாமல், சத்தமாகப் படித்தான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

"போதும் மச்சான், பரீட்சை முடிஞ்சுடுச்சு."

"இருங்க மாமா" என்றான் அவன், அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் அச்சடித்தவர் முகவரியைத் தேடிக்கொண்டே. "இங்க இன்னும் சின்னதா என்னமோ எழுதியிருக்கு."